சூலகப் புற்றுநோயும் வயிற்றின் கொழுப்புத்திரையும்

நமது வீடுகளில் பெண்களுக்கு வயிறு ஊதினால் அது வாய்வு. சாப்பாடு இறங்காவிட்டால் அது காஸ்ரிக். இடுப்பு உளைந்தால் வெங்காயம் நட்ட களைப்பு. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து, ஓமத் தண்ணீரும் இஞ்சிச் சாறும் குடித்து மாதங்களைக் கடத்திவிடுகிறோம். பல வேளைகளில் அந்தப் பெயர் சரியாகவும் இருக்கும். ஆனால் நாற்பது, ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்ணுக்கு இந்தத் தொல்லைகள் புதிதாகத் தொடங்கி, வாரக்கணக்கில் விடாது நின்றால் அது வேறொன்றாகவும் இருக்கலாம். சூலகப் புற்றுநோய் பெரும்பாலும் இந்த வாசலால்தான் வருகிறது.

நோய் கண்டுபிடிக்கப்படும்போது வைத்தியர் அனேகமாகச் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: “வயிற்றுக் கொழுப்பிலும் பரவியிருக்கிறது.” இதைக் கேட்ட உறவினர் பலர் திகைத்துப் போகிறார்கள். சூலகத்தில் வந்த நோய் கொழுப்புக்கு எப்படிப் போனது? மெலிந்த உடம்புக்காரிக்குக் கொழுப்பு ஏது? இனிச் சிகிச்சை செய்து என்ன பயன்? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாதபடியால் சிலர் நோயாளியைத் துண்டு வெட்டி வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுகிறார்கள். ஆகவே அந்தப் பரவல் எப்படி நடக்கிறது என்பதை இங்கு விளங்கிக்கொள்வோம். அது விளங்கினால், எப்போது வைத்தியரிடம் போக வேண்டும், ஏன் சிகிச்சையைக் கைவிடக்கூடாது என்பதும் தானே விளங்கும்.

சூலகமும் அதன் அயலும்

பெண்ணின் அடிவயிற்றில், கருப்பையின் இரு பக்கமும் ஒவ்வொரு சூலகம் உண்டு. ஒவ்வொன்றும் சுமார் 3 சென்ரிமீற்றர் நீளமுள்ள சிறு உறுப்பு. முட்டையை உண்டாக்குவது இதன் வேலை. முட்டையைக் கருப்பைக்குக் கொண்டுபோகும் பலோப்பியன் குழாயின் நுனி, விரல்கள் விரிந்த கைபோலச் சூலகத்தை அணைத்தபடி இருக்கும். சூலகப் புற்றுநோய்களில் அதிகமாகக் காணப்படும் வகை, உண்மையில் இந்தக் குழாயின் நுனியிலேயே பல வேளைகளில் தொடங்குகிறது என்பதைக் கடந்த 25 ஆண்டுகால ஆராய்ச்சி காட்டியுள்ளது.

கவனிக்க வேண்டியது இதுதான். மார்பகம் போன்ற உறுப்புகளைச் சுற்றித் தசையும் தோலும் உண்டு. சூலகத்துக்கும் குழாய் நுனிக்கும் அப்படியொரு வேலி இல்லை. அவை வயிற்றறைக்குள் திறந்தபடியே இருக்கின்றன. குடல், ஈரல், இரைப்பை எல்லாம் அதே அறையில்தான் உள்ளன. உறுப்புகள் ஒன்றோடொன்று உராயாதிருக்க அந்த அறையில் சிறிதளவு நீர் எப்போதும் இருக்கும். நாம் மூச்சு விடும்போதும், குடல் அசையும்போதும் அந்த நீர் மெல்ல ஓடுகிறது. அடிவயிற்றிலிருந்து வலப்பக்க ஓரமாக மேலேறி, ஈரலுக்கு மேல் உள்ள பிரிமென்தகடுவரை போகிறது.

கொழுப்புத்திரை என்பது என்ன?

ஆடு உரிக்கும் இடத்தில் நின்றவர்கள் பார்த்திருப்பார்கள். வயிற்றைத் திறந்தவுடன் குடலுக்கு முன்னால் வலை பின்னியதுபோல ஒரு வெள்ளைக் கொழுப்புச் சவ்வு தெரியும். மனிதருக்கும் அதுபோல ஒன்று உண்டு. இரைப்பையின் கீழ் விளிம்பிலிருந்து, சமையலுக்குக் கட்டும் முன்துணிபோலக் குடலின்மேல் தொங்குகிறது. வைத்தியர்கள் இதை ஓமென்ரம் என்பார்கள். நாம் கொழுப்புத்திரை என்று சொல்வோம்.

இது வெளியே மடிந்து தெரியும் தொப்பைக் கொழுப்பு அன்று. ஒல்லியான பெண்ணுக்கும் இந்தத் திரை உண்டு. ஆகவே “அவவுக்கு எலும்பும் தோலும்தானே, கொழுப்பில் எப்படிப் பரவும்?” என்று கேட்பதில் பொருளில்லை. எண்ணெய்ப் பண்டம் அதிகம் சாப்பிட்டதால் வந்த தண்டனை என்று நோயாளியைக் குறைசொல்வதும் நியாயமில்லை.

கொழுப்புத்திரை வீணான உறுப்பு அன்று. குடலில் எங்காவது ஓட்டை விழுந்தால் அல்லது அழற்சி ஏற்பட்டால், இது அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு கிருமி பரவாமல் மறித்துவிடும். றதர்போர்ட் மொறிசன் என்ற ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை நிபுணர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை “வயிற்றின் பொலிஸ்காரன்” என்று அழைத்தார். இதற்குள் நோய் எதிர்ப்புக் கலங்கள் கூடியிருக்கும் சிறு சிறு புள்ளிகள் உண்டு. பால் துளிபோலத் தெரிவதால் அவற்றுக்குப் பாற்புள்ளிகள் என்று பெயர். வயிற்றறை நீரை வடித்து, அதில் வரும் கிருமிகளைப் பிடிப்பது அவற்றின் காவற்பணி. இந்தக் காவற்பணியே புற்றுநோய் வரும்போது பாதகமாகிவிடுகிறது.

விதையும் நிலமும்

கமக்காரருக்கு விளங்கும் ஓர் உவமை இங்கு உண்டு. அது நாம் சோடித்தது அன்று. 1889ஆம் ஆண்டில் ஸ்ரீபன் பஜெற் என்ற ஆங்கிலேய வைத்தியர் ஒரு கேள்வியை எழுப்பினார். புற்றுநோய் உடம்பில் கண்டபடி பரவாமல், சில உறுப்புகளை மட்டும் ஏன் நாடுகிறது? அவர் சொன்ன விடை: செடி தன் விதையை எல்லாத் திக்கிலும் விதைத்தாலும், ஏற்ற நிலத்தில் விழுந்த விதை மட்டுமே முளைக்கும். புற்றுநோய்க் கலம் விதை, அது போய்ச் சேரும் உறுப்பு நிலம்.

நமது வயல்களில் மாரி வெள்ளம் பாயும்போது களை விதைகள் நீரோடு மிதந்து வருகின்றன. வரப்பிலும் விழும், கல்லிலும் விழும். ஆனால் எருப் போட்ட பள்ளக் காணியில் தங்கியவைதான் செழித்து வளரும். சூலகப் புற்றுநோயின் பரவலும் இவ்வாறே. சூலகத்தின் அல்லது குழாயின் மேற்பரப்பிலிருந்து புற்றுக் கலங்கள் உதிர்கின்றன. தனியாகவும், சிறு உருண்டைகளாகத் திரண்டும் வயிற்றறை நீரில் மிதக்கின்றன. நீர் ஓடும் வழியே மேலே போகின்றன. வழியில் பாற்புள்ளிகள் நீரை வடிக்கும்போது கலங்களும் அங்கே மாட்டுப்படுகின்றன. மாட்டுப்பட்ட இடமோ கொழுப்பு நிறைந்த நிலம். சில கலங்கள் இரத்தத்தின் வழியாகவும் அங்கு போய்ச் சேர்கின்றன. ஆயினும் நீர்வழியே இந்த நோயின் பெருவழி.

ஏன் கொழுப்பை நாடுகிறது?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் ஏர்ன்ஸ்ற் லெங்கியெல் என்ற வைத்தியரின் குழுவினர் 2011இல் ஒரு முக்கிய விடையை வெளியிட்டனர். சூலகப் புற்றுக் கலங்களை எலிகளின் வயிற்றுக்குள் செலுத்தியபோது, அவை 20 நிமிடங்களுக்குள் கொழுப்புத்திரையைப் போய்ச் சேர்ந்தன. எப்படி? கொழுப்புக் கலங்கள் சாதாரணமாகவே சில இரசாயனப் பொருட்களைச் சுரக்கின்றன. அந்தப் பொருட்கள் புற்றுக் கலங்களைத் தம் பக்கம் இழுக்கின்றன.

போய்ச் சேர்ந்தபின் நடப்பது இன்னும் பெரிது. புற்றுக் கலம் பக்கத்தில் நிற்கும் கொழுப்புக் கலத்தைத் தூண்டி, அதில் சேமித்து வைத்துள்ள கொழுப்பைக் கரையச் செய்கிறது. கரைந்த கொழுப்பைத் தனக்குள் வாங்கி எரித்து, அந்தச் சக்தியால் வேகமாகப் பெருகுகிறது. கொழுப்பைச் சுமந்து கொடுக்கும் ஒரு புரதமும் இதற்குத் துணைபோகிறது. அந்தப் புரதம் இல்லாத எலிகளில் கட்டிகள் குறைவாகவே வளர்ந்ததை அதே குழுவினர் கண்டனர். பஞ்ச காலத்துக்கென்று நாம் கட்டி வைத்த நெல்லை வேற்றாள் புகுந்து அவித்துத் தின்பதுபோன்றது இது. நாளடைவில் கொழுப்பு கரைந்துபோக அந்த இடத்தைப் புற்று பிடித்துக்கொள்கிறது. மெல்லிய வலைபோலிருந்த திரை, தடித்த ரொட்டிபோல இறுகிவிடுகிறது.

வயிற்றில் நீர் கட்டுவது

இந்த நோயில் வயிறு பெருப்பதற்கு முக்கிய காரணம் நீர். வயிற்றறை நீர் வழமையாக நிணநீர் வழிகளால் வடிந்துகொண்டே இருக்கும். புற்றுக் கலங்கள் பிரிமென்தகட்டின் கீழுள்ள அந்த வடிகால்களை அடைத்துவிடுகின்றன. அதேவேளை புற்று சுரக்கும் பொருட்களால் இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. வாய்க்கால் அடைபட, ஊற்றும் பெருத்தால் கிணற்றடியில் என்ன நடக்கும்? அதுவே வயிற்றில் நடக்கிறது. பாவாடை நாடா இறுகும். முகமும் கையும் மெலிய வயிறு மட்டும் பெருக்கும். இரைப்பை நெருக்கப்படுவதால் நாலு வாய் சாப்பிட்டதும் போதும் என்றாகிவிடும். இதைப் பார்த்து “சாப்பிடாமல் கிடந்து வயிற்றில் காற்று ஏறிப்போச்சு” என்று சொல்பவர்கள் உண்டு. நடப்பது காற்றன்று, நீர்.

ஏன் பிந்திக் காண்கிறோம்?

சூலகம் உள்ளே ஒளிந்திருக்கும் சிறு உறுப்பு. வயிற்றறையில் இடம் தாராளம். கட்டி வளர்ந்தாலும் தொடக்கத்தில் வலிக்காது. ஆனால் உதிரும் கலங்களுக்கு நீர்வழி முதல் நாளிலிருந்தே திறந்திருக்கிறது. அதனால்தான் நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு, கண்டுபிடிக்கும்போதே நோய் மூன்றாம் அல்லது நான்காம் நிலையில் இருக்கிறது. வயிற்றறைக்குள் கொழுப்புத்திரைவரை பரவியிருப்பது மூன்றாம் நிலை. வயிற்றறையைக் கடந்து நுரையீரற் பகுதி, ஈரலின் உட்பகுதி போன்ற இடங்களுக்குச் செல்வது நான்காம் நிலை.

அமெரிக்கக் கணக்குகளின்படி, நோய் சூலகத்துக்குள் நிற்கும்போதே கண்டுபிடிக்கப்பட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். தூரம் பரவியபின் கண்டால் அது பத்தில் மூன்று பேரளவுக்குக் குறைந்துவிடுகிறது.

அப்படியென்றால் எல்லாப் பெண்களையும் முன்கூட்டியே பரிசோதிக்கலாமே? இங்கிலாந்தில் அதை முயன்று பார்த்தார்கள். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, சி.ஏ. 125 என்ற இரத்தப் பரிசோதனையாலும் ஸ்கானாலும் பல ஆண்டுகள் கவனித்தனர். 2021இல் வெளியான முடிவு: அந்தப் பரிசோதனைகளால் இந்த நோயால் வரும் மரணங்கள் குறையவில்லை. ஆகவே நோய்க்குறி இல்லாத பெண்களுக்குச் செய்யத்தக்க நம்பகமான முன்பரிசோதனை இந்த நோய்க்கு இன்னும் இல்லை.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். 1996 முதல் இலங்கையில் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்குகளில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் செய்கிறார்கள். அவை மிகப் பயனுள்ளவை, 35 வயதானதும் கட்டாயம் போக வேண்டும். ஆனால் அங்கு எடுக்கும் பாப் பரிசோதனை சூலகப் புற்றுநோயைக் காட்டாது. “போன வருஷம்தான் கிளினிக்கில் பார்த்தது, ஒன்றுமில்லை” என்று சொல்லி, இந்த வருடத்து வயிற்று வீக்கத்தை அலட்சியம் செய்யலாகாது.

எந்த அறிகுறிகளைக் கவனிப்பது?

நான்கு தொல்லைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. வயிறு ஊதுதல் அல்லது பெருத்தல்.
2. அடிவயிற்றிலோ இடுப்புக்குள்ளோ வலி.
3. பசி குறைதல், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுதல்.
4. அடிக்கடி சலம் போதல், அடக்க முடியாமை.

இவை எல்லாருக்கும் வந்து போகின்றவையே. வேறுபாடு எங்கே? இவை புதிதாகத் தொடங்கியிருக்க வேண்டும், மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் வர வேண்டும். அப்படியானால் வைத்தியரிடம் போக வேண்டும். முக்கியமாக 50 வயதைக் கடந்தவர்களுக்கு இது பொருந்தும். மாதவிடாய் நின்றபின் இரத்தம் கண்டால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். கருப்பையை எடுத்துவிட்ட பெண்ணுக்கும், சூலகங்கள் உள்ளே இருந்தால் இந்த நோய் வரலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

போகும்போது “காஸ்ரிக்குக்கு மருந்து தாங்கோ” என்று கேளாதீர்கள். “ஆறு கிழமையாக வயிறு பெருக்குது, சாப்பிட ஏலாமல் கிடக்கு” என்று நாட்கணக்கோடு சொல்லுங்கள். ஒரு கலண்டரில் தொல்லை வந்த நாட்களுக்குப் புள்ளி போட்டு வைத்தால் அது வைத்தியருக்குப் பேருதவி.

சிகிச்சை உண்டா?

உண்டு. முதலாவது, சத்திரசிகிச்சை. சூலகங்கள், குழாய்கள், கருப்பை ஆகியவற்றோடு கொழுப்புத்திரையையும் எடுத்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் புற்று முழுவதையும் அகற்றுவதே இதன் நோக்கம். எவ்வளவு மீதமின்றி எடுக்க முடிகிறதோ அவ்வளவுக்கு நோயாளியின் ஆயுள் நீளுகிறது. கொழுப்புத்திரை இல்லாமலும் மனிதர் சாதாரணமாக வாழலாம்.

இரண்டாவது, கீமோ எனப்படும் மருந்துச் சிகிச்சை. வழமையாக மூன்று கிழமைக்கு ஒரு தடவையாக ஆறு தடவைகள் ஏற்றுவார்கள். நோய் அதிகம் பரவியிருந்தால் முதலில் சில தடவை மருந்தேற்றிச் சுருக்கியபின் சத்திரசிகிச்சை செய்வதும் உண்டு. இந்த மருந்துகளில் ஒன்று பிளாற்றினம் என்ற உலோகத்தைக் கொண்டது. மற்றொன்றான பக்லிரக்சல், வட அமெரிக்கக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து முதலில் எடுக்கப்பட்டது.

பரவிய நோய் முதற் சிகிச்சைக்கு நன்றாகப் பணிந்தாலும், பலருக்குச் சில ஆண்டுகளில் திரும்பி வருகிறது. இதை மறைப்பது நேர்மையன்று. திரும்பி வந்தாலும் மறுபடி மருந்துண்டு. வயிற்று நீரை வடித்து ஆறுதல் கொடுக்கவும் வழியுண்டு. நீண்டகாலம் நலமாக வாழ்பவர்களும் இருக்கிறார்கள். பம்பாய், இந்தியன், முதல்வன் ஆகிய படங்களில் நடித்த மனிஷா கொய்ராலாவுக்கு 2012இல் இந்த நோய் முற்றிய நிலையில் காணப்பட்டது. நியூயோர்க்கில் சத்திரசிகிச்சையும் மருந்தும் பெற்று மீண்டு, 2018இல் தமது அனுபவத்தை நூலாகவும் வெளியிட்டார். 2024இலும் அவர் நடித்த தொடர் வெளிவந்தது. அவரிடம் பணம் இருந்தது உண்மை. ஆனால் அடிப்படைச் சிகிச்சையான சத்திரசிகிச்சையும் கீமோவும் நமது நாட்டு அரச வைத்தியசாலைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஏ-9 பாதை மூடியிருந்த காலங்களில் மகரகமவுக்குப் போவதற்குக் கப்பலையோ விமானத்தையோ பார்த்துக் காத்திருந்த நோயாளர்கள் எத்தனை பேர்! இன்று தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை உண்டு. அதற்கு நிதி சேர்ப்பதற்காக 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை மக்கள் நடந்து வந்தார்கள். சாவகச்சேரி மக்கள் முதலில் தமது ஆதார வைத்தியசாலைக்குப் போகலாம். அங்கிருந்து யாழ். போதனா வைத்தியசாலைக்கோ தெல்லிப்பழைக்கோ கடிதம் கொடுத்து அனுப்புவார்கள்.

களைய வேண்டிய பிழைகள்

இது தொற்று நோய் அன்று. ஒரே கோப்பையில் தேநீர் குடித்தாலும், முகாமில் ஒரே கொட்டிலில் படுத்தாலும் ஒட்டாது. நோயாளிக்கு வேறு தட்டு வைப்பது மருந்தன்று, மனதைக் கொல்வது.

“கத்தி பட்டால் பரவும்” என்ற பேச்சும் தவறு. மேலே பார்த்தபடி, கத்தி படுமுன்னரே அது நீர்வழியாகப் பரவுகிறது. கட்டி உடைந்து சிந்தாதபடி எடுப்பதில் வைத்தியர் கவனமாயிருப்பார். ஆகவே பயிற்சி பெற்றவர் கையில் அதை விடுவதே பாதுகாப்பு.

பரம்பரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு, தாய் வழியாகவோ தந்தை வழியாகவோ வந்த மரபணுக் குறைபாடு காரணமாகிறது. அதே குறைபாடு மார்பகப் புற்றுநோயையும் உண்டாக்கும். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது. 2000இல் தென்மராட்சியே இடம்பெயர்ந்தது. ஒரு குடும்பத்தார் கனடாவிலும் இலண்டனிலும் தமிழகத்து முகாம்களிலுமாகச் சிதறினார்கள். அதோடு குடும்பத்து நோய் வரலாறும் சிதறிப்போனது. பெரியம்மா எதனால் இறந்தா, மாமிக்கு என்ன சத்திரசிகிச்சை நடந்தது என்று தொலைபேசியில் கேட்டு எழுதி வையுங்கள். இரண்டு மூன்று பேருக்கு மார்பக அல்லது சூலகப் புற்றுநோய் இருந்திருந்தால் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

சொந்தக் காணிக்கு இன்னும் திரும்பாமல் உறவினர் வளவிலும் வாடகை வீட்டிலும் வாழும் குடும்பங்களில், தாய்மாரின் வருத்தம் எப்போதும் கடைசியாகத்தான் கணக்கில் வருகிறது. ஒரு நாள் கூலியை இழந்து பஸ்ஸில் வைத்தியசாலைக்குப் போக அவர்கள் மனம் ஒப்பாது. ஆகவே இந்தப் பொறுப்பை அவர்கள் தலையில் மட்டும் சுமத்தலாகாது.

கணவன்மாரே, மனைவி சாப்பாட்டைக் குறைத்துவிட்டா என்பதை முதலில் காணக்கூடியவர் நீங்கள்தான். பிள்ளைகளே, அம்மாவின் சட்டை வயிற்றில் இறுகுவதைக் கவனியுங்கள். மாதர் சங்கங்கள் தமது கூட்டத்தில் அந்த நான்கு அறிகுறிகளையும் ஒருமுறை வாசிக்கலாம். தெல்லிப்பழைக்குத் தனியே போகப் பயப்படும் ஒருவருக்கு இன்னொருவர் துணை போகலாம். கிளினிக் கொப்பி, ஸ்கான் படம், சத்திரசிகிச்சைத் துண்டு ஆகியவற்றை அடையாள அட்டையோடு ஒரே பொலித்தீன் பையில் வையுங்கள். ஓடிப்போகும்போது காணி உறுதியைத் தூக்குகிற நாம் இதையும் தூக்கப் பழக வேண்டும். சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

களையைப் பூக்குமுன் பிடுங்கினால் ஒரு கை போதும், விதை கொட்டியபின் ஊரே இறங்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். கொழுப்புத்திரையில் விதை விழுந்துவிட்டது என்றாலும் காணியைக் கைவிட்டு நாம் போவதில்லை. நமது பெண்களையும் கைவிடலாகாது.